ஆங்கிர் பிறந்த ஊருக்கு விட்டுச் சென்ற முன்வரைவுகள்



வீடு கட்டி முடிந்தால் சாரத்தை அவிழ்த்து விடுகின்றோம். தேர் செய்து முடிந்தால் அதற்கெனத் தரையில் இழுத்த கோடுகளைப் பெருக்கித் தள்ளுகின்றோம். நகை முடிந்தபின் அதற்கு மாதிரியாக எழுதிய காகிதத்தைத் தேடுவார் எவருமிலர். முடிந்த பொருளே கண்ணுக்குத் தெரிகின்றது. அது முடியும்வரை கை பட்ட பாடு மறைந்து போகின்றது. இஃது உலக இயல்பேயாயினும், இவ்வியல்பினால் நாம் இழந்தது எவ்வளவு என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எமக்கு மிகவும் வேண்டிய ஓர் இல்லத்தில் சில வருஷங்களுக்கு முன் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். அவ்வில்லத்துப் பெரியவர் தேருக்கு மரச்சிற்பம் செதுக்குவதில் கைதேர்ந்தவர். அவர் காலமான பின் பரணிலிருந்த ஒரு மரப்பெட்டி நிறையக் காகிதச் சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன. யாளி முகமும், கொடிக்கருக்கும், பாயும் குதிரையின் முன்காலும் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. ஒரே காலை ஏழெட்டு முறை எழுதி, அடித்து, மீண்டும் எழுதியிருந்தார் என்று பின்னர்க் கேள்வியுற்றோம். முடிந்த வேலைதான் கோயிலில் இருக்கின்றதே, இக்கிறுக்கல்கள் எதற்கு என்று எண்ணிய வீட்டார், பழைய காகிதம் வாங்குபவனிடம் அவற்றை எடைக்குப் போட்டுவிட்டனர். யாம் செய்தியறிந்து சென்றபோது பெட்டி மட்டுமே இருந்தது. அதில் அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். குற்றம் அவர்களுடையதென்று யாம் சொல்லத் துணியோம். அவ்வரைவுகளின் அருமையை அவர்களுக்கு எடுத்துரைத்தவர் எவருமிலர். அடிக்கடி அவ்வீடு சென்று வந்த யாமும் எடுத்துரைத்தோமில்லை.

அந்நினைவு நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்க, அதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. பிரெஞ்சு தேசத்துச் சிறு நகரம் ஒன்று, தன் மண்ணிற் பிறந்த சித்திரக்காரர் ஒருவரின் முன்வரைவுகள் பல்லாயிரத்தை 150 வருஷங்களுக்கு மேலாகப் போற்றி வருகின்ற வரலாறு அது. அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்கள் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் தந்தையும்

பிரெஞ்சு தேசத்தின் தென்மேற்கில், தார்ன் என்னும் ஆற்றங்கரையில், மொந்தோபான் என்னும் நகரம் உளது. செங்கல்லாற் கட்டிய மாளிகைகளும், 14-ம் நூற்றாண்டிற் கட்டிய பழம் பாலமும் அதற்கு அடையாளம். அந்நகரில் 1780-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி ழான் ஓகுஸ்த் தொமினிக் ஆங்கிர் என்பவர் பிறந்தார். அவர் தந்தை ழோசெப் ஆங்கிர் ஒரு தொழிலாளர். கற்சிற்பம், சுதைவேலை, சிற்றுருவச் சித்திரம் ஆகிய யாவும் அவர் கைவசம். அதனோடு வாத்தியம் வாசிக்கவும் அறிந்தவர். தாயாரோ பொய்மயிர் முடி செய்யும் ஒருவரின் புதல்வி. எழுத்து வாசனை மிகக் குறைந்தவர்.

தந்தையே மகனுக்கு முதலாசிரியர். பென்சில் பிடிக்கவும் பிடில் வாசிக்கவும் வீட்டிலேயே கற்பித்தார். பாதிரிமார் நடத்திய பள்ளியில் சிறுவர் படித்து வந்தார். 1791-ம் வருஷத்தில், அந்நாட்டுப் பெரும் புரட்சியின் காரணமாக அப்பள்ளி மூடப்பட்டது. பதினோராம் பிராயத்தில் ஏட்டுக்கல்வி நின்றது. பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய பின்னும் இக்குறை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் கைக்கல்வி நிற்கவில்லை. அவ்வருஷமே தந்தை அவரைத் துலூஸ் நகரத்துச் சித்திரக் கலாசாலையிற் சேர்த்தார். அங்குப் பயின்ற காலத்தில் அந்நகரத்து வாத்தியக் கோஷ்டியிற் பிடில் வாசித்தும் வந்தார். பிரெஞ்சுப் பாஷையில், ஒருவன் தன் தொழிலுக்குப் புறம்பாக விருப்பத்தோடு பழகும் வித்தையை ‘ஆங்கிரின் பிடில்’ என்று இன்றும் கூறுவர். அந்தப் பிடிலும் மொந்தோபான் காட்சிசாலையிலே இருக்கின்றது.

1797-ம் வருஷம் பாரிஸ் நகரம் சென்று, அக்காலத்திற் பெரும்புகழ் பெற்றிருந்த தாவித் என்னும் சித்திராசிரியரிடம் மாணாக்கரானார். 1801-ல், ரோமாபுரி சென்று அரசாங்கச் செலவிற் பயிலும் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் பொக்கிஷத்திற் பணமில்லாமையால் ஐந்து வருஷம் காத்திருந்து, 1806-ல் தான் புறப்பட முடிந்தது. காத்திருந்த அக்காலத்தில், 1804-ம் வருஷம், தம் தந்தையின் உருவத்தை எழுதினார். அப்படமும் இன்று மொந்தோபானில் உளது. சுதைவேலைக்காரரான அம்முதியவரை ஒரு கனவானுக்குரிய மரியாதையோடு மகன் எழுதியிருக்கின்றார்.

இத்தாலி தேசத்தில் அவர் கழித்த காலம் பதினெட்டு வருஷம். 1815-ல் நெப்போலியன் வீழ்ச்சியுற்றபின், ரோமாபுரியிலிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் நாடு திரும்பினர். ஆங்கிருக்கு வேலை கொடுப்பார் இல்லாமற் போயிற்று. மனைவியோடு வயிறு வளர்ப்பதற்காக, ஊர் பார்க்க வந்த ஆங்கிலேயர் முதலியோரின் உருவங்களைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். கதவைத் தட்டி, “சிறு உருவங்கள் எழுதுபவர் வீடு இதுதானா?” என்று கேட்ட ஒருவரிடம், “இல்லை, இங்கு இருப்பவர் சித்திரக்காரர்” என்று கூறிக் கதவைச் சாத்தினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. பசிக்காக எழுதியவை என்று அவர் இகழ்ந்த அவ்வுருவங்களை இன்று உலகத்துப் பெரிய காட்சிசாலைகள் பொன்போற் காக்கின்றன.

முன்வரைவு என்பது யாது?

நிற்க. முன்வரைவு என்று யாம் கூறுவது யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆங்கிர் காலத்துப் பெரிய சித்திரம் ஒன்று ஒரே மூச்சில் எழுதப்படுவதன்று. முதலிற் சித்திரக்காரர் மனத்தில் தோன்றியதைக் கைப்போன போக்கிற் சிறு தாளில் கிறுக்கி வைப்பார். அதன்பின் யார் எங்கு நிற்பது, யார் எங்கு இருப்பது என்று முழு அமைப்பையும் எழுதுவார். பின்னர் ஒவ்வோர் உருவத்துக்கும் ஆள் ஒருவரை நிறுத்தி, முதலில் உடையின்றி உடம்பை மட்டும் எழுதுவார். எலும்பும் தசையும் சரியாக நின்றாலன்றி மேலே போர்த்தும் ஆடை நில்லாது என்பது அவர்கள் சாஸ்திரம். அதன் மேல் துணியின் மடிப்பைத் தனியே எழுதுவார். கை, பாதம், கழுத்து, காது ஆகியவற்றையும் தனித்தனித் தாள்களில் எழுதுவார்.

இவ்வளவும் முடிந்த பின், வரைவின்மேற் கட்டங்கள் போட்டு, கித்தானின் மேலும் அதே கணக்கிற் பெரிய கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குக் கட்டமாகப் பெருக்கி எழுதுவார். நம் இல்லத்துப் பெண்டிர் சிறு தாளிற் புள்ளி வைத்துப் பழகிய கோலத்தை மார்கழி மாதத்தில் வாசல் முழுதும் பெருக்கி இடுகின்றார்கள் அன்றோ? புள்ளியின் துணைகொண்டு அவர்கள் செய்வதைக் கட்டத்தின் துணைகொண்டு அவர்கள் தேசத்தார் செய்தனர்.

பென்சிலிலும் ஒரு சரித்திரம் உண்டு. புரட்சிக்குப் பின் இங்கிலாந்தோடு யுத்தம் மூண்டமையால், அந்நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காரீயகம் பிரான்சுக்கு வருவது நின்றது. அப்போது கோந்தே என்னும் நிபுணர் காரீயகத் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறையை 1795-ல் ஏற்படுத்தினார். களிமண்ணின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கடினமாகவோ மிருதுவாகவோ பென்சிலைச் செய்ய முடிந்தது. ஆங்கிர் கையில் மயிரிழைபோல் ஓடும் கோட்டுக்கு இக்கண்டுபிடிப்பும் ஒரு துணை.

அவர் மிகுதியாகக் கையாண்ட மற்றொரு சாதனம், அடியிலுள்ள கோடு மேலே தெரியும் மெல்லிய காகிதம். ஒரு வரைவின்மேல் அதனைப் பரப்பி, நல்ல கோட்டை மட்டும் படியெடுத்து, பிழையான கோட்டை விட்டுவிடுவார். அப்படியின் மேல் மற்றொரு படி. அதன் மேல் இன்னொரு படி. இவ்வாறு ஒரு கையின் வளைவு பத்துத் தாள் கடந்து தன் வடிவத்தை அடையும். சில தாள்களின் ஓரத்தில் இன்ன வர்ணம் என்ற குறிப்பும், உருவத்துக்கு நின்ற ஆளின் பெயரும் முகவரியும் அவர் கைப்படவே எழுதப்பட்டுள்ளன. ஒரு தொழிற்சாலையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போன்றது அவற்றைப் பார்ப்பது.

முடிந்தவையும் முடியாதவையும்

1820-ல் அரசாங்கத்தார், மொந்தோபான் தலைமைக் கோயிலுக்கு ஒரு பெரிய சித்திரம் எழுதுமாறு ஆங்கிரைக் கேட்டுக்கொண்டனர். 13-ம் லூயி அரசன் தன் ராஜ்யத்தைத் தேவமாதாவின் பாதுகாப்பில் ஒப்புவித்த நிகழ்ச்சியே அதன் விஷயம். இத்தாலியிலிருந்தபடியே நான்கு வருஷம் உழைத்து, 1824-ல் பாரிஸிற் காட்சிக்கு வைத்தார். அதுவரை அவரைக் குறை கூறியோரும் அன்று புகழ்ந்தனர். 1826-ல் அச்சித்திரம் மொந்தோபான் சேர்ந்தபோது தாமும் உடன் வந்தார். பதினோராம் பிராயத்தில் ஊரைவிட்டுச் சென்ற சுதைவேலைக்காரர் மகன், நாற்பத்தாறாம் பிராயத்தில் ஊர்க் கோயிலுக்குத் தன் கைவேலையோடு திரும்பினான். அச்சித்திரம் இன்றும் அக்கோயிலிலேயே இருக்கின்றது.

ஆனால் எல்லா முயற்சியும் இவ்வாறு கைகூடவில்லை. ஓத்தன் நகரத்துக் கோயிலுக்காகச் சிம்போரியன் என்னும் அடியாரின் உயிர்த்தியாகத்தை எழுதத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் எழுதி, பத்து வருஷம் உழைத்து, 1834-ல் காட்சிக்கு வைத்தார். பத்திரிகைகள் அதனைக் கடுமையாகத் தாக்கின. உருவங்களின் தசை மிகைப்பட்டதென்றனர், கூட்டம் நெருக்கியடிக்கின்றதென்றனர். ஆங்கிர் மனமுடைந்து, ரோமாபுரியிலிருந்த பிரெஞ்சுக் கலாசாலையின் தலைமைப் பதவியை ஏற்று, பாரிஸைவிட்டே சென்றுவிட்டார். அவ்வரைவுகளில் இருந்த உயிர் முடிந்த சித்திரத்தில் இல்லை என்று கூறுவோர் இன்றும் உளர். அவ்வபிப்பிராயத்தை மறுக்க யாம் முற்படோம். அவ்வாறாயின், வரைவுகள் அழிந்திருந்தால் அவருடைய திறமையின் மேலான பங்கே அழிந்திருக்கும் என்பது அன்றோ பெறப்படும்?

இதனினும் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. லுய்ன் பிரபு என்பவர் தாம்பியேரிலுள்ள தம் மாளிகைச் சுவரிற் ‘பொற்காலம்’ என்னும் பெருஞ்சித்திரத்தையும், அதற்கெதிரே ‘இரும்புக்காலம்’ என்னும் மற்றொன்றையும் எழுதும்படி ஆங்கிரை அமர்த்தினார். மாந்தர் பசியும் பகையுமின்றி வாழ்ந்த ஆதியுகத்தைக் காட்டவேண்டும் என்பது முதற் சித்திரத்தின் கருத்து. 1843 முதல் அவர் அம்மாளிகையிலேயே தங்கி வேலை செய்தார். இச்சித்திரத்துக்காக அவர் எழுதிய முன்வரைவுகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை. சுண்ணச் சாந்தின் மேல் எண்ணெய் வர்ணத்தால் எழுத முனைந்தமையால் இடையூறுகள் பல நேர்ந்தன. வருஷங்கள் கடந்தன; பிரபுவுக்கும் அவருக்கும் மனத்தாங்கல் வளர்ந்தது. 1849-ல் அவர் மனைவியார் மதலேன் காலமானார். மனம் ஒடிந்த ஆங்கிர் அதன்பின் அச்சுவரைத் தொடவில்லை. ‘பொற்காலம்’ முற்றுப்பெறாமலே நின்றது. ‘இரும்புக்காலம்’ தொடக்கத்தையும் கடக்கவில்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம்மவர் பழமொழி. தாம்பியேரில் சுவர் இருந்தது, சித்திரம் முடியவில்லை. ஆயினும் அவ்வுழைப்பு வீண்போயிற்று என்று கூறலாகுமோ? ஆகாது. உறங்கும் குழந்தையைத் தாங்கும் தாயின் தோளும், கைகோத்து ஆடும் மகளிரின் அடிவைப்பும், முதியவரின் கவிழ்ந்த முகமும் தாள்தாளாக நிலைத்து நிற்கின்றன. எண்பதைக் கடந்த பின், 1862-ல், அவ்வரைவுகளைத் துணைக்கொண்டு அதே சித்திரத்தைச் சிறு அளவில் எழுதி முடித்துத் தம் மனக்குறையைத் தீர்த்துக்கொண்டார்.

அவருடைய பொறுமைக்கு வேறு சான்றுகளும் உள. இயேசுநாதர் சிறுவராக ஆலயத்தில் வேதவிற்பன்னரோடு வாதித்த காட்சியை 1842-ல் தொடங்கினார். 1848-ல் நேர்ந்த அரசியற் புரட்சியால் அவ்வேலை நின்றது. இருபது வருஷம் கடந்து 1862-ல் முடித்தார். அதுவும் மொந்தோபானுக்கே வந்து சேர்ந்தது. மொய்த்தெசியே என்னும் சீமாட்டியின் உருவப்படம் 1844-ல் தொடங்கி 1856-ல் முடிந்தது. முதலில் அவர் அருகிற் சிறு மகளையும் எழுத எண்ணினார். குழந்தை வளர்ந்து பெரியவளாகியும் படம் முடியாமையால் அவளை நீக்கிவிட்டார். பெர்த்தேன் என்னும் பத்திரிகாதிபரின் உருவத்தை 1832-ல் எழுதியபோது, எந்த நிலையிலும் அவர் இயல்பு பிடிபடாமையால் ஆங்கிர் அழுதேவிட்டாராம். நிற்பதாக எழுதிய வரைவும் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. ஒரு நாள் நண்பர்களோடு வாதித்துக்கொண்டு, இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி அவர் அமர்ந்திருந்ததைக் கண்டார். ‘உமது படம் கிடைத்துவிட்டது’ என்று கூறி மறுநாளே தொடங்கினார் என்பர். பாரிஸில் லூவ்ரு காட்சிசாலையிலுள்ள அப்படத்தைப் பார்ப்போர் அதன் எளிமையை வியக்கின்றனர். அவ்வெளிமைக்கு முன் கொட்டிய கண்ணீரை யார் அறிவார்?

‘துருக்கியக் குளியல்’ என்பது அவர் முதுமையில் எழுதிய வட்டச் சித்திரம். அதில் முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் மங்கையின் உருவத்தை அவர் 1808-லேயே ஒரு தனிப் படமாக எழுதியிருந்தார். ஐம்பது வருஷத்துக்குப் பின் அதே முதுகும் தலைத்துணியும் புதிய சித்திரத்துக்கு உதவின. இச்சித்திரத்துக்கென எழுதிப் பார்த்த ஒன்றில் ஒரு பெண்ணுக்கு மூன்று கைகள் இருக்கின்றன. தெய்வத் திருவுருவங்களைக் கண்டு பழகிய நமக்கு அது வியப்பன்று; ஆனால் இங்கு மூன்றாவது கைக்குக் காரணம் வேறு. தலைக்குப் பின் வைப்பதா, முன்னே நீட்டுவதா என்று முடிவு செய்யாத சித்திரக்காரரின் ஐயமே மூன்றாவது கையாக நிற்கின்றது. முடிந்த சித்திரத்தில் இரு கைகளே உள, ஐயம் மறைந்துவிட்டது. ‘எனது 82-ம் பிராயத்தில்’ என்று அச்சித்திரத்தில் அவரே பெருமையோடு குறித்திருக்கின்றார்.

ஊரே வாரிசு

இத்தாலி தேசத்துப் பெருஞ்சிற்பியாகிய மைக்கேல் ஆஞ்சலோ தம் அந்திய காலத்தில், தாம் எழுதிய முன்வரைவுகள் பலவற்றைத் தீயிலிட்டார் என்று அவர் சரித்திரத்தை எழுதிய வசாரி கூறுகின்றார். தாம் பட்ட பாட்டையும் செய்த பிழையையும் பிறர் காணலாகாது, முழுமை மட்டுமே காணவேண்டும் என்பது அவர் கருத்தாம். பெரியோர் செயலைப் பழித்தல் நமக்குத் தகாது. ஆனால் அத்தீயில் வெந்தவை எத்தனை தலைமுறைக்கு ஆசிரியனாக இருந்திருக்கும்!

ஆங்கிரும் முழுமையை விரும்பியவரே. அவர் சித்திரங்களில் தூரிகை சென்ற தடம்கூடத் தெரிவதில்லை. கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். அத்தகையவர் தம் பிழைகளையும் ஐயங்களையும் மறைக்க எண்ணியிருந்தால் அடுப்பு ஒன்று போதும். அவரோ அதைச் செய்தாரில்லை. வரைவே கலையின் நேர்மை என்பது அவர் மாணாக்கர்க்குக் கூறி வந்த கொள்கை. அக்கொள்கைக்கு ஏற்பத் தம் வரைவுகளைத் தாமே காத்து வைத்தார்.

அவருக்கு இரு முறை விவாகம் நிகழ்ந்தும் சந்ததியில்லை. செல்வமும் புகழும் பெருகின. 1862-ல் ராஜ்ய மந்திராலோசனைச் சபையிலும் உறுப்பினரானார். பாரிஸ் நகரத்துப் பெரிய காட்சிசாலைகள் எதற்கு எழுதி வைத்திருந்தாலும் பெற்றுக்கொண்டிருக்கும். ஆயினும் 1851-ல் தம் சித்திரங்கள் சிலவற்றையும் தாம் சேர்த்த கிரேக்கக் கலயங்களையும் பிறந்த ஊருக்கு வழங்கினார். 1867-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி, தமது 86-ம் பிராயத்தில் பாரிஸிற் காலமானார். மரண சாசனத்தின்படி சுமார் 4,500 வரைவுகளும், குறிப்புப் புத்தகங்களும், பிடிலும் மொந்தோபானுக்குச் சென்றன. பதினோராம் பிராயத்தில் தம்மை வழியனுப்பிய ஊரையே அவர் தம் வாரிசாகக் கொண்டார்.

அச்சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர் அர்மான் காம்போன் என்பவர். இவரும் மொந்தோபானிற் பிறந்த சித்திரக்காரர். ஆங்கிருக்கு உறவும் மாணாக்கரும் ஆவர். தார்ன் ஆற்றங்கரையில், பாலத்தின் தலைமாட்டில், 17-ம் நூற்றாண்டில் மேற்றிராணியார் வாழ்ந்த அரண்மனையே காட்சிசாலையாயிற்று. ஓர் உறவினர் முன்வந்து பொறுப்பேற்றமையாலும், ஊரார் இடம் கொடுத்தமையாலும் அத்தாள்கள் சிதறாமற் பிழைத்தன. இதனை அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கொடுப்பவர் மட்டும் இருந்தாற் போதாது, காப்பவரும் வேண்டும்.

காத்ததன் பயன்

காத்ததன் பயன் என்னை என்று வினவலாம். தெகா என்னும் பெருஞ்சித்திரக்காரர் இளமையில் ஒரு முறை ஆங்கிரை நேரிற் கண்டு, கோடு இழுத்துப் பழகுமாறு அறிவுரை பெற்றவர். அவர் தாமும் முதுமையெய்திய பின், 1897-ல், அவ்வரைவுகளைப் பார்ப்பதற்காகவே மொந்தோபானுக்கு யாத்திரை போவது போலச் சென்றார். 1901-ல் லாப்போஸ் என்னும் அறிஞர் அவ்வரைவுகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். எல்லாத் தாள்களையும் ஒன்றுவிடாமல் விவரிக்கும் அட்டவணை 1995-ல் வெளிவந்தது. ஒருவர் விட்டுச் சென்ற காகிதங்களை முற்றும் படித்து அறிய 128 வருஷம் ஆயிற்று என்றால் அச்செல்வத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் லூவ்ரின் அரும்பொருள்கள் பாரிஸைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டபோது, உலகம் புகழும் ‘மோனா லிசா’ சித்திரமும் 1940 முதல் 1943 வரை அக்காட்சிசாலையிலேயே அடைக்கலம் புகுந்திருந்தது. தன் ஊரான் கிறுக்கிய தாளைக் காக்கத் தெரிந்த வீடு, உலகத்தின் பொக்கிஷத்தையும் காக்கும் தகுதி பெற்றது.

ஆங்கிர் இறந்தபோது அதே மொந்தோபானில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். எமில் அந்துவான் பூர்தெல் என்பது அவன் பெயர். தந்தை மரவேலைக்காரர். பதின்மூன்றாம் பிராயத்திற் பள்ளியை விட்டுத் தந்தையின் பட்டறையில் மரம் செதுக்கினான். பின்னர்த் துலூஸும் பாரிஸும் சென்று, ரொதேன் என்னும் மகாசிற்பியின் துணைவனாகி, 1929-ல் காலமாகும் முன் தானும் உலகறிந்த சிற்பியானான். 1870-ம் வருஷத்து யுத்தத்தில் மடிந்த வீரர்களுக்காக அவன் செய்த நினைவுச் சின்னம் 1902-ல் மொந்தோபானில் நிறுவப்பட்டது. அதற்கும் அவன் எண்ணிறந்த தலைகளையும் கைகளையும் முன்மாதிரியாகச் செய்து பார்த்தான். 2019-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அக்காட்சிசாலை இப்போது ‘ஆங்கிர் பூர்தெல் காட்சிசாலை’ என்று இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. ஒருவர் சுதைவேலைக்காரர் மகன். மற்றவர் மரவேலைக்காரர் மகன். இருவர்க்கும் முதற்பள்ளி தந்தையின் பட்டறையே.

நமது கடமை

அவ்வரைவுகள் நமக்குக் கற்பிப்பது யாது? கைவன்மை பிறவியில் வருவது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். தந்தைக்கு வந்தது மகனுக்கும் தானே வரும் என்று மார்தட்டுகின்றனர். வராதபோது விதியென்று வாளா இருக்கின்றனர். மொந்தோபானிலுள்ள 4,500 தாள்களும் அதனை மறுக்கின்றன. தந்தை கொடுத்தது பென்சிலும் பழக்கமுமே. எஞ்சியவை அடித்தும் திருத்தியும் மீண்டும் எழுதியும் தாமே ஈட்டியவை. முடிந்த சித்திரத்தைக் காணும் இளைஞன், இது நம்மால் ஆகாது என்று கைகூப்பிச் செல்வான். அதன் முன்வரைவுகளைக் காணும் இளைஞனோ, இவரும் நம்மைப்போற் பிழை செய்து கற்றவரே என்று தெளிந்து பென்சிலை எடுப்பான். இதுவே அவ்வரைவுகளின் பெருஞ்சிறப்பு.

உளியும் தூரிகையும் பற்றி வாழ்ந்த குடும்பங்கள் நம்முட் பல. அவ்வீடுகளின் பரணிலும் பெட்டியிலும் அளவு எழுதிய தாள்களும், மாதிரி வரைவுகளும், கணக்கு நோட்டுகளும் இன்னும் கிடக்கின்றன என்பதை யாம் அறிவோம். அவற்றை எடைக்குப் போடும் முன் ஒரு முறை விரித்துப் பாருங்கள். எழுதியவர் யார், எந்தக் கோயிலுக்கு, எந்த வருஷம் என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பின்புறத்து ஓரத்தில் மெல்லிய பென்சிலாற் குறித்து வையுங்கள், மை வேண்டாம். மடிக்காதீர்கள், பசை தடவி அட்டையில் ஒட்டாதீர்கள், பசையை நாடிப் பூச்சி வரும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், சுவரோடு ஒட்டாமலும் தரையில் படாமலும் பெட்டியை வைத்து, மழைக்காலம் கழிந்ததும் கறையான் உண்டா என்று திறந்து பாருங்கள். நிழற்படம் எடுத்து வைப்பது இக்காலத்தில் எளிது, அதனையும் செய்யுங்கள். வைக்க இடமில்லையெனில் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். காப்பதற்கு வழி தேடுவோம்.

மொந்தோபான் நகரம் பெரிய ராஜதானியன்று. தன் மண்ணிற் பிறந்தவன் கைபட்ட தாளைத் தன்னுடையது என்று எண்ணியதே அது செய்த பெருங்காரியம். அவ்வெண்ணம் நமக்கும் உண்டாகுமாயின், இனி நம் வீடுகளில் ஒரு பெரியவரின் வரைவுப் பெட்டி அரிசிப் பெட்டியாக மாறாது. அரிசி கொட்ட வேறு பெட்டி கிடைக்கும். அந்தக் குதிரையின் காலை எழுதிய கை மீண்டும் கிடைக்குமோ?